மடித்துத் திருப்பும் மடிக்கணினியில் லினக்ஸ்: திரைக் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டறிவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது, திரையை முழுவதுமாகப் பின்னுக்கு மடித்து டேப்லெட் போலவும் பயன்படுத்தக்கூடிய மடிக்கணினி. இன்டெல் பதினோராம் தலைமுறைச் செயலி, 1920×1200 தொடுதிரை, உபுண்டு 24.04, ஜினோம் மேசைத்தளம், வேலண்ட் (சாளரங்களைத் திரைக்குக் கொண்டுசெல்லும் புதிய முறை) அமர்வு. தட்டச்சு செய்யும்போது திரையின் கீழ்ப்பாதி நடுங்குகிறது. சில எழுத்துகள் தாமதமாகத் தோன்றுகின்றன. சுட்டி போன வழியில் பழைய படத்தின் எச்சம் தங்குகிறது. திரையைப் பின்னால் மடித்தால் சில நேரம் படம் திரும்புவதே இல்லை, சில நேரம் தவறான பக்கம் திரும்புகிறது. வெளித்திரை இணைத்திருக்கும் நாட்களில் விரலும் பேனாவும் வேறு இடத்தில் பதிகின்றன. எப்போதாவது மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. யாரோ சொன்னார்கள் என்று 'நோமோட்செட்' என்ற அளவுருவை (கணினி தொடங்கும்போது லினக்ஸுக்குச் சொல்லும் அமைப்பை) சேர்த்தீர்கள். நடுக்கம் நின்றது, ஆனால் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது.

நடுக்கம், சரியாகத் திரும்பாத திரை, இடம் மாறும் தொடுகை ஆகிய மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவை பெரும்பாலும் மூன்று தனித்தனி இடங்களில் உள்ள பழுதுகள்; ஒரே மருந்தால் தீராதவை. ஆகவே எந்த அடுக்கில் பழுது இருக்கிறது என்று அறியும் வரை எந்த அமைப்பையும் நிரந்தரமாக மாற்ற வேண்டாம் என்பதையே முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். கீழே வரும் கட்டளைகளையும் அளவுருக்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், அடிக்கோடும் புள்ளியும் இருக்கும் இடத்தில் அப்படியே தட்டுங்கள்.

முதல் வேலை, அந்த 'நோமோட்செட்'டை நீக்குவது (அது இருக்கும் கோப்பைக் கடைசிக்கு முந்தைய பத்தியில் சொல்லியிருக்கிறேன்). அது எதையும் பழுது பார்ப்பதில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாமல் தடுத்து, கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அமைத்துக் கொடுத்த எளிய படப்பரப்பைக் கொண்டே மேசைத்தளத்தை ஓட்டச் செய்கிறது. வரையும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுவதால்தான் எல்லாம் மெதுவாகிறது. ஒளி அளவைக் கூட்டிக் குறைப்பதும், வெளித்திரையைச் சேர்ப்பதும் அந்த நிலையில் இயலாது. ஆனால் அதைச் சேர்த்தபோது நடுக்கம் நின்றது என்ற செய்தி பயனுள்ளது. கண்ணாடிப் பலகையும் அதற்குச் செல்லும் கம்பியும் அநேகமாக நன்றாக இருக்கின்றன, டிரைவர் செய்யும் ஏதோ ஒன்றுதான் நடுக்கத்திற்குக் காரணம் என்பதை அது காட்டுகிறது.

'அநேகமாக' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மடித்துத் திருப்பும் மடிக்கணினிகளில் திரைக்குச் செல்லும் மெல்லிய பட்டைக்கம்பி கீலின் வழியாகவே போகிறது. சாதாரண மடிக்கணினியின் கீல் ஏறக்குறைய 130 பாகை வரை திறந்தால் போதும். இவற்றின் கீல் 360 பாகையும் சுழல்கிறது, அந்தக் கம்பியும் ஒவ்வொரு முறையும் அதனுடன் வளைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் கையில் இருந்த இத்தகைய ஒரு கணினியில் திரை அவ்வப்போது பச்சைக் கோடுகளாகச் சிதறியது. மூன்று வாரம் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் லினக்ஸ் ஏறும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையைத் திறந்துவைத்து மூடியை மெதுவாக அசைத்தபோது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதே கோடுகள் அங்கேயும் தோன்றின. பயாஸ் திரையில் லினக்ஸ் இல்லை, டிரைவர் இல்லை. அங்கே தெரியும் பழுது வன்பொருளின் பழுதுதான். கம்பியை மாற்றியதும் சரியாயிற்று. அதனால் நீங்களும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பயாஸ் திரையில் மூடியைச் சுழியிலிருந்து முழுச் சுற்று வரை நிதானமாகத் திருப்புங்கள். எந்தக் கோணத்திலும் படம் கலங்கவில்லை என்றால் கம்பியை மறந்துவிடலாம்.

அடுத்து, நடுக்கம் எங்கே உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சாளரத்தின் படம் கண்ணுக்கு வரும் வழி இது: நிரல் தன் சாளரத்தை வரைகிறது, ஜினோமின் கம்பாசிட்டர் எல்லாச் சாளரங்களையும் ஒன்றாக அடுக்கி முழுத்திரைப் படமாக்குகிறது, கெர்னலில் உள்ள டிரைவர் அந்தப் படத்தைக் கண்ணாடிப் பலகைக்கு அனுப்புகிறது, பலகை அதைக் காட்டுகிறது. திரைப்பிடிப்பு எடுக்கும்போது நமக்குக் கிடைப்பது கம்பாசிட்டர் அடுக்கிய படம். ஆகவே கோளாறு திரைப்பிடிப்பிலும் பதிந்தால் பழுது முதல் இரண்டு படிகளில். கண்ணுக்குத் தெரிந்தும் திரைப்பிடிப்பில் இல்லை என்றால் பழுது பின்னிரண்டு படிகளில். நடுக்கம் நொடிப்பொழுதில் மறைவதால், கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தித் திரையைக் காணொளியாகப் பதியுங்கள். அதே நேரத்தில் கைப்பேசியால் கண்ணாடியையும் படமெடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். ஒரே எச்சரிக்கை: சுட்டியின் அம்புக்குறியைப் பெரும்பாலும் டிரைவர் தனி அடுக்காக அனுப்புகிறது. எனவே அம்புக்குறியில் மட்டும் தெரியும் கோளாறுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நீங்கள் விவரித்த அறிகுறிகளை வைத்துச் சொன்னால், திரைப்பதிவில் எதுவும் இருக்காது, கைப்பேசிப் படத்தில் நடுக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் முதலில் ஐயப்பட வேண்டியது பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ், சுருக்கமாகப் பிஎஸ்ஆர். இது என்னவென்று சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் உங்கள் அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

1920×1200 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை என்று கணக்கிட்டால், செயலியிலிருந்து பலகைக்கு நொடிக்கு ஏறத்தாழ 3.3 கிகாபிட் தரவு ஓயாமல் ஓட வேண்டும். நீங்கள் ஒரு பக்கத்தை அசையாமல் படித்துக்கொண்டிருக்கும்போதும் அதே படம் நொடிக்கு 60 முறை அனுப்பப்படுகிறது. இது வீண் மின்செலவு. மடிக்கணினியின் உள்திரை இணைப்புக்கென 2011இல் வந்த இடிபி 1.3 தரவரையறை இதற்கு ஒரு வழி கண்டது. பலகைக்குள்ளேயே ஒரு சிறு நினைவகத்தை வைத்துவிட்டால், படம் மாறாத நேரத்தில் செயலி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓய்வெடுக்கலாம். பலகை தன் நினைவிலுள்ள படத்தையே தனக்குத் தானே காட்டிக்கொண்டிருக்கும். பின்னர் வந்த இரண்டாம் வகை இன்னும் ஒரு படி மேலே போய், படத்தில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது.

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் இரண்டு. ஓய்விலிருக்கும் இணைப்பை எழுப்பும்போது பலகை அதற்கு ஆயத்தமாக இல்லாவிட்டால் ஒரு நடுக்கமோ ஒரு நொடித் தாமதமோ உண்டாகிறது. உங்கள் எழுத்துகள் தாமதமாகத் தோன்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மாறிய பகுதியின் எல்லையை டிரைவர் தவறாகக் கணக்கிட்டாலோ, பலகை அதைத் தவறாக எடுத்துக்கொண்டாலோ, பழைய படத்தின் ஒரு துண்டு அப்படியே தங்கிவிடுகிறது. சுட்டியின் வழியில் எச்சம் நிற்பது இதன் அடையாளம். தட்டச்சு செய்வது இந்த நுட்பத்திற்கு மிகக் கடினமான சோதனை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் இணைப்பு உறங்கி எழுந்து உறங்கி எழ வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் எளிய சோதனை உண்டு: திரையின் ஒரு மூலையில் ஒரு காணொளியை ஓடவிட்டு, அதே நேரத்தில் தட்டச்சு செய்யுங்கள். காணொளி ஓடும்போது இணைப்பு உறங்க வாய்ப்பில்லை. நடுக்கம் நின்றாலோ மிகவும் குறைந்தாலோ பிஎஸ்ஆர் மீதான ஐயம் வலுப்படுகிறது.

இதை உறுதி செய்ய, ஒரே ஒரு முறைக்கு மட்டும் அளவுருவை மாற்றிக் கணினியைத் தொடங்குங்கள். இயங்கத் தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். உபுண்டு வரியின் மேல் நின்று 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=1' என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இப்படிச் சேர்ப்பது அடுத்த மறுதொடக்கத்தில் தானே மறைந்துவிடும் என்பதால் அஞ்சத் தேவையில்லை. பலரும் நேராக 0 என்று போடச் சொல்வார்கள். நான் 1இல் தொடங்கச் சொல்கிறேன். 1 என்றால் முதல் வகை மட்டும் அனுமதிக்கப்படும், பகுதி பகுதியாக அனுப்பும் இரண்டாம் வகை தடுக்கப்படும். எச்சமும் நடுக்கமும் அதிலேயே நின்றுவிட்டால் மின்சேமிப்பின் ஒரு பகுதி உங்களிடமே இருக்கும். நிற்காவிட்டால் மட்டும் 0 போடுங்கள். உண்மையில் எந்த நிலை இயங்குகிறது என்பதை '/சிஸ்/கெர்னல்/டீபக்/டிஆர்ஐ/0' கோப்புறையில் 'ஐ915_இடிபி_பிஎஸ்ஆர்_ஸ்டேட்டஸ்' என்ற கோப்பை நிர்வாகி உரிமையுடன் படித்து அறியலாம். அளவுருவில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கெர்னல் அதைப் புறக்கணித்துவிட்டு வழக்கம்போலத் தொடங்கிவிடும். பயன் இல்லை என்று முடிவுகட்டும் முன் இந்தக் கோப்பையும் தொடக்கத்தில் தந்த அளவுருக்களைக் காட்டும் '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பையும் பார்த்துவிடுங்கள்.

இந்த அளவுருவின் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும். புதிய இன்டெல் செயலிகளில் 'எக்ஸ்இ' என்ற டிரைவர் ஏறுகிறது. அங்கே முன்னொட்டு 'எக்ஸ்இ' என்று இருக்க வேண்டும். ஏஎம்டி கணினியாக இருந்தால் 'ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0x10' என்பது பிஎஸ்ஆரை நிறுத்தும். உங்களுடையது பதினோராம் தலைமுறை என்பதால் 'ஐ915'தான்.

பிஎஸ்ஆரை நிறுத்தியும் நடுக்கம் தொடர்ந்தால் கெர்னல் பதிவைப் படியுங்கள்: 'ஜர்னல்சிடிஎல் -கே -பி'. அதில் 'ஃபிஃபோ அண்டர்ரன்' என்ற சொற்கள் நடுக்கம் தோன்றும் அதே நொடியில் திரும்பத் திரும்ப வந்தால், பலகைக்குத் தர வேண்டிய தரவு நினைவகத்திலிருந்து உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது 'ஐ915.எனேபிள்_எஃப்பிசி=0' என்பதைத் தனியாகச் சோதியுங்கள்; அது படப்பரப்பைச் சுருக்கி வைக்கும் வசதியை நிறுத்துகிறது. பிறகு 'ஐ915.எனேபிள்_டிசி=0' என்பதைத் தனியாக; அது திரைப்பகுதியின் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைகளை நிறுத்துகிறது. தொடங்கும்போது ஒரே ஒரு முறை மட்டும் இந்தச் செய்தி வந்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று அளவுருக்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். நடுக்கம் நின்றாலும் எது நிறுத்தியது என்று தெரியாமல், மின்கலம் சீக்கிரம் தீரும் கணினியோடு வாழ வேண்டியிருக்கும்.

ஒருவேளை நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, கோளாறு திரைப்பதிவிலும் தெரிந்தால், மேற்சொன்ன அளவுருக்கள் எதுவும் உதவாது. ஒரே நிரலில் மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். ஜினோம் நிரல்களின் சாளரங்களை வரையும் நூலகம் ஜிடிகே; உங்கள் உபுண்டுவில் உள்ள அதன் 4.14 பதிப்பில் வரையும் முறை புதிதாக மாற்றப்பட்டது. 'ஜிஎஸ்கே_ரெண்டரர்' என்ற சூழல் மாறியை, பெயரைப் பேரெழுத்தில் தட்டி, அதன் மதிப்பை 'ஜிஎல்' என்றோ 'கெய்ரோ' என்றோ வைத்து அந்த நிரலை முனையத்திலிருந்து திறந்தால் வேறுபாடு தெரியும். உலாவியில் மட்டும் என்றால் அதன் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள். எல்லா நிரல்களிலும் என்றால் ஜினோம் நீட்சிகளை நிறுத்திவிட்டு மீண்டும் பாருங்கள்.

இனி, திரும்பாத திரைக்கு வருவோம். திரை திரும்புவதற்கு இரண்டு செய்திகள் ஜினோமுக்கு வந்து சேர வேண்டும். கணினி எந்தப் பக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று முடுக்கமானி சொல்ல வேண்டும். விசைப்பலகை பின்னால் மடிந்துவிட்டது என்று டேப்லெட் நிலையை அறிவிக்கும் சுவிட்ச் சொல்ல வேண்டும். இந்தச் சுவிட்ச் உள்ள கணினியில், அது சொல்லாத வரை முடுக்கமானி என்ன சொன்னாலும் ஜினோம் திரையைத் திருப்பாது. மேசைமேல் வைத்துத் தட்டச்சு செய்யும்போது திரை தானே சாயக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 'சில நேரம் திரும்பவில்லை' என்று நீங்கள் சொல்வது இந்தச் சுவிட்சைப் பற்றியது. 'தவறான பக்கம் திரும்புகிறது' என்பது முடுக்கமானியைப் பற்றியது.

சுவிட்சைச் சோதிக்க, நிர்வாகி உரிமையுடன் 'லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ்' கட்டளையை ஓடவிட்டு மூடியைப் பின்னால் மடியுங்கள். 'ஸ்விட்ச்_டாகிள்' என்று ஒரு வரி ஒவ்வொரு முறையும் வர வேண்டும். வரவே இல்லை என்றால், கெர்னலில் ஏறியுள்ள மாட்யூல்களை (டிரைவர் துண்டுகளை) காட்டும் 'எல்எஸ்மாட்' கட்டளையின் பட்டியலில் 'இன்டெல்_ஹிட்' இருக்கிறதா என்று பாருங்கள். சில கணினிகளில் அந்த மாட்யூல் இச்செய்தியை இயல்பாக வெளியிடுவதில்லை, 'இன்டெல்_ஹிட்.எனேபிள்_எஸ்டபிள்யு_டேப்லெட்_மோட்=1' என்ற அளவுரு அதை இயக்குகிறது. இதே சுவிட்ச் மடிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் உள் விசைப்பலகையும் டச்பேடும் வேலை செய்யாமல் போகும். அவை பழுதாகிவிட்டன என்று எண்ணிச் சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மூடியை முழுவதும் மடித்து மீண்டும் திறந்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

முடுக்கமானியைச் சோதிக்க 'மானிட்டர்-சென்சார்' கட்டளை இருக்கிறது. கணினியை நேராகவும், இடப்பக்கம் மேலாகவும், வலப்பக்கம் மேலாகவும், தலைகீழாகவும் பிடித்து, அது சொல்லும் சொல் உண்மையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் மாறி வந்தால், சில்லு தாய்ப்பலகையில் வேறு திசையில் பொருத்தப்பட்டிருக்கிறது, அந்தச் செய்தி லினக்ஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொகுப்பில் '60-சென்சார்.ஹெச்டபிள்யுடிபி' என்ற கோப்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய திசை அணி (அச்சுகளைத் திருத்தும் எண் அட்டவணை) எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மாதிரி அதில் இல்லாவிட்டால் '/இடிசி/யுடெவ்/ஹெச்டபிள்யுடிபி.டி' கோப்புறையில் '61-சென்சார்-லோக்கல்.ஹெச்டபிள்யுடிபி' என்று ஒரு கோப்பை உருவாக்கி நீங்களே எழுதலாம். இடவலம் மட்டும் மாறியிருந்தால் அணி '-1, 0, 0; 0, 1, 0; 0, 0, 1' என்று இருக்கும். எழுதியபின் 'சிஸ்டம்டி-ஹெச்டபிள்யுடிபி அப்டேட்' கட்டளையை இட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். சரியாக வேலை செய்தால் அந்த வரிகளைச் சிஸ்டம்டி திட்டத்துக்கும் அனுப்பிவையுங்கள். அதே மாதிரியை வாங்கும் அடுத்தவருக்கு இந்தத் தொல்லையே இருக்காது.

விரலும் பேனாவும் இடம் மாறிப் பதிவது இவற்றுக்குத் தொடர்பில்லாதது. வெளித்திரை இருக்கும்போது மட்டும் நேர்கிறது என்று நீங்கள் சொல்வதே காரணத்தைக் காட்டுகிறது: தொடுதிரை எந்தத் திரையைச் சேர்ந்தது என்று கம்பாசிட்டர் ஊகிக்கிறது, அந்த ஊகம் தவறிவிடுகிறது. ஜினோமின் அமைப்புகள் சேமிக்கப்படும் டீகான்ஃபில் '/ஆர்க்/ஜினோம்/டெஸ்க்டாப்/பெரிஃபெரல்ஸ்/டச்ஸ்க்ரீன்ஸ்' என்ற பாதையின் கீழ் உங்கள் தொடுதிரையின் எண்ணுக்குரிய 'அவுட்புட்' மதிப்பில், உள்திரையின் தயாரிப்பாளர், மாதிரி, தொடர் எண் மூன்றையும் எழுதினால் அது கட்டிப்போடப்படும். இம்மூன்றும் உங்கள் முகப்புக் கோப்புறையின் 'கான்ஃபிக்' என்ற மறைகோப்புறையில் 'மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்' கோப்பில் இருக்கின்றன. பேனாவுக்கு 'டேப்லெட்ஸ்' பாதையில் இதையே செய்யுங்கள். வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11 அமர்வில் இருப்பவர்களுக்கு 'எக்ஸ்இன்புட்' கட்டளையின் 'மேப்-டு-அவுட்புட்' வசதி போதும்.

கறுப்புத் திரையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பிஎஸ்ஆரைச் சரிசெய்ததும் அதுவும் மறைந்துவிட வாய்ப்புண்டு என்பதுதான். மறையாவிட்டால், அடுத்த முறை கறுப்பாகும்போது மின்விசையை நீள அழுத்தி அணைக்கும் முன், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திப் பாருங்கள். உரைத்திரை வந்தால் டிரைவர் உயிரோடுதான் இருக்கிறது, கம்பாசிட்டர்தான் எழவில்லை. அதுவும் வராவிட்டால் அணைத்துத் தொடங்கியபின் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' இட்டு முந்தைய இயக்கத்தின் கடைசி வரிகளைச் சேமித்து வையுங்கள்.

எந்த அளவுரு பயன் தருகிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்து உறுதியானபின், '/இடிசி/டீஃபால்ட்/கிரப்' கோப்பில் 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்' வரியின் மேற்கோள் குறிகளுக்குள் அதைச் சேர்த்து 'அப்டேட்-கிரப்' இடுங்கள். பழைய 'நோமோட்செட்' அந்த வரியில்தான் இருக்கும். அதை மட்டும் முதலிலேயே அழித்துவிடுங்கள். உபுண்டு 24.04 வெளிவந்தபோது கெர்னல் 6.8 இருந்தது; 24.04.3இல் 6.14 வந்தது. நீங்கள் இன்னும் 6.8இல் இருந்தால், அளவுருவை நிரந்தரமாக்கும் முன் புதிய கெர்னலை நிறுவி, எந்த அளவுருவும் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய கெர்னல் மாற்றத்தின் போதும் அளவுருவை எடுத்துவிட்டுச் சோதிப்பதும் அவசியம். பிழை திருத்தப்பட்ட பிறகும் பழைய அளவுரு அங்கேயே கிடந்து மின்கலத்தைத் தின்றுகொண்டிருப்பதை நான் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன்.

புதிய கெர்னலிலும் நடுக்கம் இருந்தால் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லாபில் (டிரைவரை உருவாக்குபவர்கள் பிழை முறையீடுகளைப் பெறும் இணையதளத்தில்) ஐ915 டிரைவருக்குரிய பகுதியில் முறையிடுங்கள். கணினியின் சரியான மாதிரி எண், கெர்னல் பதிப்பு, பிஎஸ்ஆர் நிலைக் கோப்பின் உள்ளடக்கம், 1க்கும் 0க்கும் கிடைத்த வேறுபாடு, கைப்பேசியில் எடுத்த காணொளி ஆகியவற்றோடு, 'டிஆர்எம்.டீபக்=0xe' என்ற அளவுருவுடன் தொடங்கி, நடுக்கம் தோன்றிய உடனே எடுத்த கெர்னல் பதிவையும் முழுமையாக இணையுங்கள்.